799 ரூபாய் வவுச்சருக்கு முன் போட வேண்டிய கணக்கு

தண்டையார்பேட்டையில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஒரு ஆப்பில் தினமும் புதுப்புது டீல் வருகிறது. பெரம்பூரில் ஒரு பார்லரில் 3,500 ரூபாய் பேக்கேஜ் 799 ரூபாய்க்கு. சென்னையின் தென்பக்கம் ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு ஹோட்டலில் தலைக்கு 1,100 ரூபாய் பஃபே 649 ரூபாய்க்கு. முதலாவதை மனைவிக்கும், இரண்டாவதை 4 வயது, 9 வயதுப் பிள்ளைகளோடு நால்வருக்கும் வாங்கலாமா? லாபம் என்ன, நஷ்டம் என்ன? படித்ததும் ‘இது ஏமாற்று வேலையா’ என்று கேட்பதுபோலத் தோன்றும். ஓரளவு பெயர் தெரிந்த ஆப்பாக இருந்தால் பெரும்பாலும் ஏமாற்று இருக்காது. திரையில் காட்டும் 2,701 ரூபாய் மிச்சம் உங்கள் வீட்டுக் கணக்கில் வந்து சேருமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டிருக்கும் கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன்.

வடசென்னையில் சிறு பார்லர்கள், ஹோட்டல்களுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். அதனால் இந்த வவுச்சர் கல்லாவுக்கு அந்தப் பக்கம் எப்படித் தெரிகிறது என்று சொல்ல முடியும். சட்டத்தைப் பொறுத்தவரை விதியில் எழுதியிருப்பதைச் சொல்வதோடு என் எல்லை முடிகிறது. வழக்கு என்று போனால் வக்கீலைப் பாருங்கள்.

முதலில் வகை பிரித்துக்கொள்ள வேண்டும். ‘வவுச்சர்’ என்ற ஒரே பெயரில் மூன்று விதம் விற்கிறார்கள். குறிப்பிட்ட ஒரு சேவைக்கு முழுப்பணத்தையும் முன்கூட்டியே கட்டி வாங்கும் டீல் ஒன்று. நீங்கள் கேட்ட இரண்டும் இந்த வகைதான். 450 ரூபாய் கட்டினால் 500 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளலாம் என்கிற பண வவுச்சர், கிஃப்ட் கார்டு இன்னொன்று. முன்பணமே இல்லாமல், சாப்பிட்டு முடித்து பில் வந்த பிறகு ஆப் வழியாகக் கட்டினால் 15, 20 சதவீதம் கழிவது மூன்றாவது. முதல் வகையில் ஆபத்து அதிகம். மூன்றாவதில் கிட்டத்தட்ட இல்லை, ஏனென்றால் சேவை கைக்கு வந்த பிறகுதான் பணம் போகிறது.

இந்த வியாபாரம் போன போக்கைப் பார்த்தாலே முதல் வகையில் ஏன் ஆபத்து என்று புரியும். 2008-ல் சிகாகோவில் குருப்பான் என்ற டீல் நிறுவனம் தொடங்கியபோது, இத்தனை பேர் சேர்ந்தால்தான் டீல் என்ற ஏற்பாடு இருந்தது. கூட்டம் சேர்த்துக் கொடுத்ததற்கு, வவுச்சர் விலையில் ஏறக்குறைய பாதியை அந்த நிறுவனம் எடுத்துக்கொண்டது. இந்தியாவில் ஸ்னாப்டீல் 2010-ல் இதே டீல் வியாபாரமாகத் தொடங்கி, பிறகு பொருள் விற்பனைக்கு மாறிவிட்டது. குருப்பானின் இந்தியப் பிரிவு 2015-ல் நியர்பை என்ற பெயருக்கு மாறியது. 2017 டிசம்பரில் பேடிஎம் கைக்குப் போனது. 2019 ஆகஸ்டில், ஆப்கள் தங்கள் தலையில் கட்டும் தள்ளுபடியைத் தாங்க முடியவில்லை என்று குருகிராம் உணவகங்கள் தள்ளுபடித் திட்டங்களிலிருந்து ‘லாக்அவுட்’ என்று சொல்லி வெளியேறின; அது மற்ற நகரங்களுக்கும் பரவியது. தள்ளுபடிச் சுமை முழுக்கக் கடைக்காரர் மேல் விழுந்தால் அவர் வேறு எங்காவது அதை ஈடுகட்டுவார். எங்கே ஈடுகட்டுகிறார் என்று கண்டுபிடிப்பதுதான் வாங்குகிறவர் செய்ய வேண்டிய வேலை.

உங்கள் 799 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். ஆப்புக்கு 25 சதவீதம் கமிஷன் என்று வையுங்கள். இது கடைக்குக் கடை மாறும், கணக்குக்காகச் சொல்கிறேன். கமிஷன் 200 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 36 ரூபாய். பார்லர் கைக்கு வருவது 563. பேக்கேஜில் ஃபேஷியல், ஹேர் ஸ்பா, மேனிக்யூர், பெடிக்யூர், த்ரெடிங் இருந்தால் ஒரு பெண் ஊழியரின் மூன்று மணி நேரம் போகும். ஃபேஷியல் கிட், ஸ்பா க்ரீம், துண்டு துவைக்கும் செலவு என்று பொருளுக்கே 250 ரூபாய் போய்விடும். மிச்சம் 313 ரூபாயில் மூன்று மணி நேரச் சம்பளம், ஏசி, வாடகை எல்லாம் வர வேண்டும். வராது.

பின் ஏன் இந்த டீலைப் போடுகிறார்கள்? செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. வாடகையும் சம்பளமும் எப்படியும் போகின்றன. அந்த நேரத்தில் 313 ரூபாய் வந்தால் அது வரவு. சனிக்கிழமை சாயங்காலமோ முழுவிலை கொடுக்க ஆள் காத்திருக்கும்போது வவுச்சர்காரரை உட்காரவைப்பது நேரடி நஷ்டம். வவுச்சரோடு போன் செய்தால் “இந்த வாரம் ஸ்லாட் இல்லைங்க, அடுத்த வாரம் கூப்பிடுங்க” என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். பல நேரம் அதில் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. ஆனால் அப்படி இரண்டு முறை தள்ளிப்போனால் உங்கள் செல்லுபடித் தேதி கரைந்துவிடும். எனவே கடைக்கு எப்போது ஆள் தேவையோ அப்போது நீங்கள் போக முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் டீல் நல்ல டீல். வேலைக்குப் போகிறவர், ஞாயிறு மட்டுமே லீவு என்றால், தள்ளுபடி எத்தனை சதவீதமானாலும் அது உங்களுக்கானது அன்று.

நம் ஊரில் இதற்குக் காலண்டரும் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண முகூர்த்தம் இருக்காது; பார்லர்கள் காற்றாடும். அப்போது வரும் டீலில் நிதானமாக உட்காரவைத்துச் செய்வார்கள். ஆவணி, தை, வைகாசி முகூர்த்த வாரங்களில் அதே வவுச்சரோடு போனால் அவசர வேலைதான் கிடைக்கும். அசைவ பஃபே, கிரில் ஹோட்டல்களுக்குப் புரட்டாசி மந்தமான மாதம். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை, விரதம் இல்லாத குடும்பங்களுக்கு நல்ல விலையும் கிடைக்கும், நல்ல கவனிப்பும் கிடைக்கும். டிசம்பர் 25, 31, பிப்ரவரி 14, தீபாவளி வாரம் ஆகியவற்றை நிபந்தனையில் பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள். ‘பிளாக்அவுட் தேதிகள்’ என்று பொடி எழுத்தில் இருக்கும், அதை முதலில் படியுங்கள்.

இப்போது உங்கள் பஃபேக்கு வருகிறேன். பார்லர் பேக்கேஜைவிட பஃபே டீல் பொதுவாக நேர்மையானது. சாப்பாடு எப்படியும் 80 பேருக்குச் சமைத்தாகிவிட்டது. இன்னும் நான்கு பேர் வந்தால் ஹோட்டலுக்கு ஆகும் கூடுதல் செலவு குறைவு. தட்டைப் பார்த்து யாரும் வவுச்சர்காரர் என்று பிரிப்பதில்லை. உங்கள் விஷயத்தில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நான்கு வவுச்சர் வாங்கினால் 2,596 ரூபாய். ஆப் 4,400 ரூபாயோடு ஒப்பிட்டு 1,804 ரூபாய் மிச்சம் என்று காட்டும். ஆனால் பல பஃபே ஹோட்டல்களில் 5 வயதுக்குக் கீழே இலவசம், 10 வயது வரை அரை விலை. அந்த ஹோட்டலிலும் அப்படி இருந்தால், நேரே போனாலே பெரியவர்களுக்கு 2,200, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 550, ஆக 2,750 ரூபாய்தான். வரி சேர்க்காத கணக்கில் நான்கு வவுச்சரில் உங்களுக்கு மிஞ்சுவது 154 ரூபாய். அதுவே இரண்டு வவுச்சர் மட்டும் வாங்கி, பிள்ளைக்கு அங்கே அரை விலை கட்டினால் 1,848 ரூபாயில் முடியும். 902 ரூபாய் மிச்சம். வவுச்சரோடு வந்தாலும் குழந்தை விலை உண்டா என்று ஹோட்டலுக்கே போன் செய்து கேட்டுவிட்டு முடிவெடுங்கள். சில இடங்களில் டீல் மேசைக்கு வேறு சலுகை கிடையாது என்பார்கள்.

அடுத்தது வழிச்செலவு. இந்த டீல்களில் பெரும்பகுதி தி.நகர், நுங்கம்பாக்கம், வேளச்சேரி, ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர். பக்கத்துக் கடைகளுடையவை. நம் பக்கத்தில் பெரம்பூர், கொளத்தூர் தாண்டினால் எண்ணிக்கை சட்டென்று குறைந்துவிடும். தண்டையார்பேட்டையிலிருந்து ஓ.எம்.ஆரில் உள்ள சோழிங்கநல்லூர்ப் பக்கம் கேப்பில் போய்வர 1,000 ரூபாய்க்குக் குறையாது. மெட்ரோவில் கிண்டி வரை போய் அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தால் செலவு குறையும், ஆனால் நான்கு வயதுப் பிள்ளையோடு மூன்று வண்டி மாறிப் போய்வர ஒரு நாள் முழுக்க வேண்டும். அந்த 902 ரூபாய் வழியிலேயே தீர்ந்துவிடும். இதே கணக்கை ஈ.சி.ஆர். பொழுதுபோக்குப் பூங்கா டிக்கெட், ரிசார்ட் ‘டே அவுட்டிங்’ டீல்களுக்கும் போட்டுப் பாருங்கள்.

பில்லில் இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். டீல் விலையில் வரி சேர்ந்ததா, ‘டேக்ஸ் எக்ஸ்ட்ரா’வா? சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் பெரிய ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் 18 சதவீதம். தனியாகக் கட்ட வேண்டுமென்றால், வவுச்சர் விலை மேலா, மெனு விலை மேலா என்று முன்பே கேளுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. சர்வீஸ் சார்ஜைக் கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லலாம், தயங்க வேண்டாம்.

பார்லர் பேக்கேஜில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த 3,500 ரூபாயைத்தான். வவுச்சர் பேச்சே எடுக்காமல் அந்தக் கடைக்குப் போன் செய்து, “ஃபேஷியல் எவ்வளவு, ஹேர் ஸ்பா எவ்வளவு” என்று சாதாரணமாக விசாரியுங்கள். ஐந்து ஐட்டத்தையும் கூட்டினால் பல நேரம் 1,800, 2,000 என்றுதான் வரும். பிறகு, அந்த ஐந்தில் உங்கள் மனைவி எப்படியும் செய்துகொள்ளப் போவது எத்தனை என்று அவரிடமே கேளுங்கள். ஃபேஷியலும் த்ரெடிங்கும் மட்டும்தான் என்றால், உங்கள் தெருக்கோடிப் பார்லரில் அந்த இரண்டுக்கும் ஆகும் தொகையோடுதான் 799-ஐ ஒப்பிட வேண்டும். வேண்டாத மூன்றுக்குப் போட்டிருக்கும் விலை உங்கள் மிச்சம் ஆகாது.

போன பிறகு நடப்பதும் தெரிந்திருக்கட்டும். “இந்த ஸ்கின்னுக்கு சாதா ஃபேஷியல் எடுபடாது, கோல்டு போட்டுக்கோங்க, 600 ரூபாய்தான் கூட” என்பார்கள். கடை நஷ்டத்தை ஈடுகட்டும் இடம் அதுதான். வேண்டாம் என்று ஒரே முறை தெளிவாகச் சொன்னால் போதும். ஹேர் கலர், பிளீச் சேர்ந்த பேக்கேஜ் என்றால், 48 மணி நேரம் முன்னதாகக் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ கொஞ்சம் தடவி, அரிப்போ சிவப்போ வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே நாளில் முடிக்கும் டீலில் இந்தச் சோதனையை விட்டுவிடுவார்கள். அதற்காக ஒருமுறை தனியாகப் போய்வர வேண்டியிருந்தாலும் போய்வாருங்கள்.

லேசர் முடி நீக்கம், பல் சீரமைப்பு, எடை குறைப்பு இவற்றுக்கு டீல் வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. லேசருக்கு நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறு, எட்டு முறை உட்கார வேண்டும். 60 நாள் செல்லுபடியாகும் வவுச்சரில் இரண்டு முறை போவதற்குள் தேதி முடிந்து, மீதிக்கு அவர்கள் சொன்ன விலை என்றாகிவிடும். ‘72 டெஸ்ட் 999 ரூபாய்’ என்ற முழு உடல் பரிசோதனை டீலிலும் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். சிபிசி என்ற ஒரே ரத்தப் பரிசோதனையை 20-க்கும் மேற்பட்ட டெஸ்ட்டாக எண்ணுவார்கள். எந்தெந்தப் பரிசோதனை தேவை என்று மருத்துவரிடம் கேட்டு, லேபுக்கு என்ஏபிஎல் (ஆய்வகத் தரத்துக்கான) அங்கீகாரம் உண்டா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

‘இன்னும் 2 மணி நேரமே’ என்று ஓடும் கடிகாரத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு மறுநாள் காலை பாருங்கள். அதே டீல் பெரும்பாலும் அதே விலையில் இருக்கும். பொய்யான அவசரம் காட்டுவது, கேட்காமல் கூடையில் நன்கொடையோ இன்சூரன்ஸோ சேர்ப்பது, கடைசித் திரையில் கட்டணத்தை ஏற்றுவது மூன்றையும் 2023 நவம்பர் 30-ல் வந்த ‘டார்க் பேட்டர்ன்’ (வாங்குகிறவரை ஏமாற்றும் திரை உத்தி) வழிகாட்டுதல்கள் தடை செய்திருக்கின்றன. அந்த ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிட வேண்டாம், புகார் செய்ய நேர்ந்தால் அதுதான் ஆதாரம்.

வாங்கும் முன் நிபந்தனைப் பக்கத்தில் கண்டுபிடிக்க வேண்டியவை: கடைசித் தேதி, எந்தக் கிழமை எந்த நேரம், எத்தனை மணி நேரம் முன்பு புக் செய்ய வேண்டும், ஒரு ஆள் எத்தனை வவுச்சர் பயன்படுத்தலாம், எந்தக் கிளையில் செல்லும், கடைசியாக ரீஃபண்டு. ரீஃபண்டு ‘வாலட் கிரெடிட்’ என்று இருந்தால் அது உங்கள் வங்கிக்குத் திரும்பாது. அதற்கும் தனியாக ஒரு கடைசித் தேதி இருக்கலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி வெளியாகும் பிரீபெய்டு கிஃப்ட் கார்டுக்குக் குறைந்தது ஓராண்டு ஆயுள் உண்டு. ஒரே கடை தன் பொருளுக்காக மட்டும் வெளியிடும் கூப்பனுக்கு அந்த விதி பொருந்தாது. அதில் எழுதியிருக்கும் தேதியே தேதி.

போகும் நாளில் வரிசை முக்கியம். முந்தின நாள் போன் செய்து பேர், நேரம், வவுச்சர் என்பதையும் சொல்லி புக் செய்யுங்கள். பேசினவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்குள் நுழைந்ததும், ஆர்டர் கொடுப்பதற்கு முன், “இந்த டீல் இன்றைக்குச் செல்லும்தானே” என்று திரையைக் காட்டிக் கேளுங்கள். வவுச்சரின் கோடு எண்ணைப் போனிலோ வாட்ஸ்அப்பிலோ முன்கூட்டியே அனுப்பவே வேண்டாம். அவர்கள் சிஸ்டத்தில் ‘ரிடீம்’ ஆகிவிட்டால், சேவை கிடைக்காவிட்டாலும் பயன்படுத்திவிட்டதாகத்தான் ஆப்பில் காட்டும். பிறகு நிரூபிப்பது உங்கள் பாடு. கடை மறுத்தால் அங்கிருந்தே ஆப்பின் சாட்டில் புகார் பதிந்து, கடை வாசலை நேரத்தோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் பணம் பிடித்து வவுச்சர் வராமல் போவது இன்னொரு தொல்லை. யுபிஐயில் கடைக்குக் கட்டிய தொகை இப்படி நடுவில் சிக்கினால், ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி, கட்டிய நாளுக்குப் பின் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ‘திரும்பக் கட்டுங்கள்’ என்று வந்த லிங்கைத் தொடாமல் வங்கியிடம் கேளுங்கள்.

ஆப் பதில் சொல்லாவிட்டால் அடுத்த படி, அதன் குறைதீர் அலுவலர். 2020-ன் இ-காமர்ஸ் விதிகளின்படி அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருந்தாக வேண்டும். 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சிறு தொகைப் புகார்கள் பெரும்பாலும் இங்கேயே தீர்ந்துவிடும். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு ஆண்டுக்குள், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம்; நமக்கு சென்னை வடக்கு ஆணையம் இருக்கிறது. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். தவறு கடையுடையதா ஆப்புடையதா என்பது வழக்குக்கு வழக்கு மாறும். அதனால் புகாரில் இருவரையும் சேர்த்துவிடுவது நல்லது.

வாட்ஸ்அப்பில் பத்துப் பேருக்கு அனுப்பினால் இலவசம் என்று வரும் வவுச்சர், டெலிகிராமில் பாதி விலைக்கு விற்கும் கிஃப்ட் கார்டு கோடு, இவை இந்தப் பேச்சிலேயே சேராது, அவை மோசடி. மாலிலோ பெட்ரோல் பங்க்கிலோ சீட்டு எழுதி வாங்கிவிட்டு, “டின்னர் வவுச்சர் விழுந்திருக்கு, தம்பதியா வாங்க” என்று கூப்பிட்டால், அங்கே இரண்டு மணி நேரம் உட்காரவைத்து லட்ச ரூபாய் ஹாலிடே மெம்பர்ஷிப் விற்பார்கள். பணம் பெற யுபிஐ பின் நம்பர் போட வேண்டியதே இல்லை என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில்தான் தொகையை முடக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாக உங்கள் இரண்டு டீலுக்கும் என் பதில். பெரம்பூர் பார்லருக்குப் போன் செய்து விலையை விசாரியுங்கள். உங்கள் மனைவிக்கு வேண்டிய ஐட்டங்களுக்கே 799-க்கு மேல் வந்து, வார நாளில் ஸ்லாட்டும் கிடைக்கும் என்றால், ஒன்றே ஒன்று வாங்கி இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்திவிடச் சொல்லுங்கள். அதற்கும் முன், வழக்கமாகப் போகும் பார்லர் அக்காவிடம் அந்த டீலைக் காட்டி, “எனக்கு வேண்டியது இந்த இரண்டுதான், என்ன விலைக்குச் செய்வீர்கள்” என்று கேட்டுப் பார்க்கட்டும். நடுவில் கமிஷன் இல்லாததால் அவரால் குறைக்க முடியும், பழக்கத்தால் வேலையும் கவனமாக இருக்கும். ஓ.எம்.ஆர். பஃபேக்கு நான்கு வவுச்சர் வேண்டாம். அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போகிற நாள் இருந்தால், முந்தின நாள் குழந்தை விலையைக் கேட்டு உறுதி செய்துகொண்டு இரண்டு மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் பெரம்பூரிலோ அண்ணா நகரிலோ, பில் கட்டும்போது கழிவு தரும் ஹோட்டலாகப் பாருங்கள்.